ரீஜன்ட்ஸ் பார்க்கில் ஒரு கூடாரம்

'ஆர்ட் ஃபேர்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது? கலைக் கண்காட்சி என்றால் பொருந்தாது. கண்காட்சியில் பார்ப்பதுதான் வேலை, வாங்குவது இல்லை. கலைச் சந்தை என்றால் பாதி சரி, ஆனால் அதை நடத்துபவர்கள் முகம் சுளிப்பார்கள். கலைத் திருவிழா என்றால் சந்தோஷப்படுவார்கள், ஆனால் அது உண்மையில்லை. எனக்கென்னவோ நம்மூர்ப் 'பொருட்காட்சி'தான் நெருக்கமாகப் படுகிறது. டிக்கெட் எடுத்து உள்ளே போகிறோம், வேடிக்கை பார்க்கிறோம், டெல்லி அப்பளம் தின்கிறோம், கால் வலிக்கிறது, பத்துக்கு ஒருத்தர் ஏதோ வாங்குகிறார். லண்டன் ஃப்ரீஸ் ஆர்ட் ஃபேரிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. அப்பளத்துக்குப் பதில் ஷாம்பெயின்.

அகராதியைப் புரட்டினால் இன்னொரு விஷயம் தெரிகிறது. 'ஃபேர்' என்ற சொல் லத்தீனின் 'ஃபேரியா'விலிருந்து வந்தது. விழா நாள், வேலை செய்யாத நாள் என்று பொருள். ஜெர்மனில் வர்த்தகச் சந்தைக்கு 'மெஸ்ஸெ' என்பார்கள். தேவாலயப் பூசைக்கும் அதே சொல்தான். பூசை முடிந்து வெளியே வரும் கூட்டத்தை நம்பிக் கடை போட்டிருக்கிறார்கள். தேரோட்டத்துக்கு வரும் ஜனத்தை நம்பி வளையல் கடை போடுகிற மாதிரி. சாமி முதலில், கடை அப்புறம். ஃப்ரீஸில் இந்த வரிசை திரும்பிவிட்டது. கடைதான் முதலில் வந்தது, கடைக்காக ஒரு விழா ஏற்பாடு செய்யப்பட்டது. அந்த விழாவுக்குள் இருபது வருஷமாக என்னென்ன வைத்தார்கள், எதை மெல்ல எடுத்துவிட்டார்கள் என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் நோக்கம்.

முதலில் தகவல்கள். ஃப்ரீஸ் 2003 அக்டோபரில் ரீஜன்ட்ஸ் பார்க்கின் தெற்குப் பகுதியில் ஒரு பெரிய கூடாரத்தில் தொடங்கியது. முதல் கூடாரத்தை வடிவமைத்தவர் டேவிட் அஜாயெ. இன்று 40க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 160க்கும் மேற்பட்ட கேலரிகள் வருகின்றன. 2012லிருந்து அதே பூங்காவின் வடபுறம், மிருகக்காட்சிசாலைப் பக்கம், 'ஃப்ரீஸ் மாஸ்டர்ஸ்' என்று இன்னொரு கூடாரம். அங்கே பழையவை: எகிப்தியச் சிலை, மத்தியகால ஓவியம், இருபதாம் நூற்றாண்டின் பெரிய பெயர்கள். இரண்டுக்கும் நடுவே புல்வெளி வழியாக ஒரு கால்மணி நேர நடை. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சோல் என்று கிளைகளும் உண்டு. தாய்க்கடை லண்டன்தான்.

பூங்காவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 'பொதுப் பூங்காவில் பணக்காரர்களின் சந்தையா' என்று சிலர் கொதிப்பார்கள். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. வரலாற்றைப் பார்த்தால் கொதிப்பு சற்று தணிகிறது. எட்டாம் ஹென்றி மடாலயத்திடமிருந்து எடுத்துக்கொண்ட வேட்டைக்காடு இது. 1811ல் ஜான் நாஷ் இளவரசருக்காகப் போட்ட திட்டம், சுருக்கமாகச் சொன்னால், ஒரு ரியல் எஸ்டேட் லேஅவுட். நடுவில் மரங்களுக்கிடையே 56 மாளிகைகள், சுற்றிலும் அரண்மனை முகப்புடன் வரிசை வீடுகள். பூங்கா என்பது வீட்டு மனைகளின் மதிப்பை ஏற்றுவதற்கான ஏற்பாடு. மாளிகைகளில் எட்டுதான் கட்டப்பட்டன, மிச்ச இடம் புல்லாக நின்றது. பொதுமக்களை உள்ளே விட்டது 1835ல். அதுவும் ஒரு பகுதியில், வாரத்துக்கு இரண்டு நாள். ஆக, இந்தப் புல்வெளி சந்தைக்குப் புதிதில்லை. இன்று இதைப் பராமரிக்கும் ராயல் பார்க்ஸ் 2017லிருந்து ஒரு அறக்கட்டளை. தன் செலவின் பெரும்பகுதியை நிகழ்ச்சிகள், உணவகங்கள், வாடகை என்று தானே சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. கூடாரம் வருகிறது, வாடகை வருகிறது, கூடாரம் போகிறது, புல்லைத் திரும்பப் போடுகிறார்கள். இதில் எனக்குப் பெரிய புகார் இல்லை. புகார் கூடாரத்துக்குள்ளே.

அதற்குப் பெயரிலிருந்து தொடங்க வேண்டும். ஃப்ரீஸ் முதலில் சந்தை இல்லை, பத்திரிகை. 1991ல் அமாண்டா ஷார்ப், மேத்யூ ஸ்லாட்டோவர், டாம் கிட்லி ஆகிய மூவரும் தொடங்கிய சமகாலக் கலை விமர்சன இதழ். கட்டடத்தின் மேல்விளிம்பில் ஓடும் சிற்பப் பட்டைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். பார்த்தினான் கோயிலின் பட்டை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, பூங்காவிலிருந்து அதிக தூரமில்லை. இதற்கு மூன்று வருஷம் முன்னால், 1988ல், டேமியன் ஹர்ஸ்ட்டும் அவரது கல்லூரி நண்பர்களும் கப்பல்துறைப் பகுதியின் ஒரு காலிக் கட்டடத்தில் நடத்திய கண்காட்சியின் பெயரும் காதுக்கு இதே மாதிரி ஒலிக்கும், ஆனால் எழுத்து வேறு, அர்த்தம் 'உறைதல்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே ஃப்ரீஸ்தான். இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் இல்லை. அந்தத் தலைமுறைக் கலைஞர்களும் அந்தப் பத்திரிகையும் ஒன்றாகவே வளர்ந்தார்கள்.

விமர்சனப் பத்திரிகை நடத்திய ஷார்ப்பும் ஸ்லாட்டோவரும் பன்னிரண்டு வருஷம் கழித்துச் சந்தை போட்டார்கள். 2000ல் டேட் மாடர்ன் திறந்து லண்டனே சமகாலக் கலைக்கு வரிசையில் நின்ற நேரம், ஆனால் பாசல் நகரத்தின் ஃபேருக்கு நிகராக ஒன்று லண்டனில் இல்லை. வியாபாரமாகப் பார்த்தால் சரியான கணிப்பு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சந்தையை நடத்துவது விமர்சகர்கள் என்பதே அந்தச் சந்தையின் முதலீடாக இருந்தது. "இவங்க ரசனை உள்ளவங்க, எதை உள்ளே விடணும்னு தெரிஞ்சவங்க" என்ற நம்பிக்கை. வேறு எந்த ஃபேருக்கும் அப்போது அது இல்லை.

அந்த நம்பிக்கை எப்படிச் செலவானது என்று பார்ப்பதற்கு முன், கூடாரத்தின் வரவுசெலவு கொஞ்சம் தெரிய வேண்டும். கேலரி ஒரு ஸ்டாலுக்கு வாடகை கட்டுகிறது. சதுர மீட்டர் கணக்கு. அதோடு படைப்புகளை அனுப்பும் செலவு, இன்ஷூரன்ஸ், ஆட்களின் பயணம், ஹோட்டல். ஒரு படைப்பு விற்றால் பொதுவாகக் கலைஞருக்குப் பாதி, கேலரிக்குப் பாதி. பெரிய கேலரிக்கு ஒரு பெயின்டிங் விற்றாலே ஸ்டால் வாடகை வந்துவிடும். சின்ன கேலரி கொண்டுவந்த அத்தனையும் விற்றாலும் கையைக் கடிக்கலாம். இது ரகசியமும் இல்லை. 2018ல் உலகின் பெரிய கேலரி முதலாளிகளில் ஒருவரான டேவிட் ஸ்விர்னர், எங்களைப் போன்றவர்களிடம் கூடுதலாக வாங்கிச் சின்னவர்களுக்கு வாடகையைக் குறையுங்கள் என்று ஒரு மாநாட்டில் வெளிப்படையாகவே சொன்னார். அடுத்த வருஷம் ஆர்ட் பாசல் இடத்தின் அளவுக்கேற்ப வாடகை விகிதத்தை மாற்றியது. சின்ன மீன்கள் இல்லாவிட்டால் குளமே காலியாகும் என்று பெரிய மீனுக்குத் தெரிந்திருக்கிறது.

விற்பனையின் கதையும் டிக்கெட் வாங்குபவருக்குத் தெரியாத கதை. ஃபேர் திறப்பதற்கு முன்பே கேலரிகள் பிடிஎஃப் அனுப்பிவிடுகின்றன. அழைப்பிதழ் உள்ளவர்கள் முதல் நாளில், அதிலும் முதல் சில மணி நேரத்தில், முக்கியமானவற்றை முடித்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் காசு கொடுத்து உள்ளே போகும்போது பார்ப்பது பெரும்பாலும் ஏற்கெனவே விற்றுப்போன பொருள்களை. கடையில் இருப்பவர்கள் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விலை எங்கேயும் ஒட்டியிருக்காது. கேட்டால் உங்கள் செருப்பைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார்கள் என்று ஒரு ஜோக் உண்டு. பின்னே எதற்காகப் பொதுமக்கள்? டிக்கெட் காசு ஒரு காரணம். இன்னொரு காரணம், கூட்டம் இல்லாத இடத்தில் வாங்குபவனுக்கும் வாங்கத் தோன்றாது. திருவிழா மாதிரித் தெரிய வேண்டும். நாம் அங்கே பந்தல் அலங்காரம்.

ஆனால் வாங்காமல் பார்க்க மட்டுமே வருகிற அந்த அலங்காரக் கூட்டம்தான் கூடாரத்தில் விலையை விட்டுவிட்டு யோசிக்கக்கூடிய ஒரே கூட்டம். இதை மறக்காமல் வேலை செய்த சில கலைஞர்கள் இருந்தார்கள். 'ஃப்ரீஸ் ப்ராஜெக்ட்ஸ்' என்ற பெயரில் நிர்வாகமே க்யூரேட்டர் வைத்து, ஸ்டால்களுக்கு வெளியே புதுப் படைப்புகளைச் செய்யச் சொல்லும் ஒரு திட்டம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அதிலும் அதைச் சுற்றியும் முதல் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நடந்தவைதான் ஃப்ரீஸில் உருப்படியாக நடந்தவை என்பது என் கணிப்பு.

எனக்கு மிகப் பிடித்தது 2004ல் காட்டப்பட்டது. ஸ்லோவாக்கியாவின் ரோமான் ஒண்டாக். படைப்பு என்னவென்றால், ஒரு க்யூ. அவ்வளவுதான். கொஞ்சம் பேரைக் கூலிக்கு அமர்த்தி, எதற்கு என்று தெரியாத ஒரு இடத்தில் வரிசையாக நிற்க வைத்தார். முன்னால் கவுன்ட்டர் இல்லை, கதவு இல்லை. 'நல்ல காலத்தில் நல்ல உணர்வுகள்' என்பது போல ஒரு தலைப்பு. 2003ல் ஜெர்மனியில் முதலில் செய்தது. ஒண்டாக் வளர்ந்தது சோஷலிச செக்கோஸ்லோவாக்கியாவில். அங்கே க்யூ என்றால் தட்டுப்பாடு. எதற்கு என்று தெரியாமலே முதலில் நின்றுவிட்டு அப்புறம் விசாரிப்பார்கள். ரேஷன் கடை வாசலில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே க்யூவை லண்டன் கூடாரத்துக்குள் கொண்டுவந்து வைத்ததும் அர்த்தம் புரண்டுவிடுகிறது. இங்கே தட்டுப்பாடு இல்லை, அளவுக்கு மிஞ்சிய சரக்கு. ஆனால் சரக்குக்கு விலை ஏற வேண்டுமானால் தட்டுப்பாட்டைக் கையால் செய்தாக வேண்டும்: வெயிட்டிங் லிஸ்ட், 'இது மியூசியத்துக்கு மட்டும்', 'உங்களுக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம்'. கம்யூனிஸ்ட் நாட்டில் அரசு கெட்டிக்காரத்தனம் இல்லாமல் செய்ததை இங்கே கெட்டிக்காரத்தனமாகச் செய்கிறார்கள். இதையெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் பத்துப் பேர் நின்றே சொல்லிவிட்டார்கள்.

அதைவிட சுவாரசியம் பிறகு நடந்தது. ஃபேரில் வாங்குவதற்கென்றே டேட் மியூசியத்துக்கு ஒரு நிதி இருந்தது. அவுட்செட் என்ற அமைப்பு திரட்டித் தருவது. அந்தப் பணத்தில் டேட் இந்த க்யூவை வாங்கியது. டேட் சேகரிப்புக்குள் போன முதல் நேரடி நிகழ்த்துப் படைப்புகளில் இதுவும் ஒன்று. வாங்கியது எதை? நின்றவர்களை இல்லை, எப்படி நிற்க வேண்டும் என்ற குறிப்பையும், மறுபடி நிகழ்த்தும் உரிமையையும். சந்தையைக் கேலி செய்த ஒன்றைச் சந்தை விழுங்கிவிட்டது என்று இதை வாசிக்கலாம், பலர் அப்படித்தான் வாசிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனியார் வீட்டுச் சுவரில் மாட்ட முடியாத ஒன்று பொதுச் சொத்தாகிவிட்டது. கூடாரத்துக்குப் போகாதவர்களுக்கும் அது கிடைத்தது. ஒரு ஃபேர் செய்யக்கூடிய நல்ல காரியத்தின் உச்சம் இது என்று வைத்துக்கொள்ளலாம்.

க்யூவோடு ஒப்பிட வேண்டிய இன்னொன்று அடுத்த வருஷம் 2005ல் வந்தது. பாவோலா பீவியின் '100 சீனர்கள்'. ஒரே மாதிரி உடை அணிந்த நூறு சீனர்கள் ஒரு ஸ்டாலில் நெருக்கி நின்றார்கள். மவுரீட்சியோ கட்டெலான் முதலியோர் நடத்திய 'தவறான கேலரி'யின் ஏற்பாடு. அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. எனக்கு இது ஒட்டவே இல்லை. ஒண்டாக்கின் க்யூவில் நிற்பவர் யார் வேண்டுமானாலும் ஆகலாம். போகிறவர் வருகிறவரும் பின்னால் சேர்ந்துகொள்ளலாம், அதில்தான் அதன் விஷமம். பீவியின் கூட்டத்தில் நீங்கள் சேர முடியாது. எதிரில் நின்று பார்க்கத்தான் முடியும். நூறு மனிதர்களை ஒரே நிறமாக, ஒரே அளவாகக் காட்டிவிட்டு, 'நீ ஏன் அப்படிப் பார்த்தாய்' என்று பார்ப்பவனையே கேட்பது பழைய தந்திரம்.

2006ல் மைக் நெல்சன் செய்ததை ஃபேருக்குப் போன பலர் பார்க்கவே இல்லை. ஸ்டால்களின் பின்சுவர்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் ஒரு போட்டோ இருட்டறையை ஒளித்து வைத்திருந்தார். சாதாரணக் கதவு. திறந்தால் சிவப்பு விளக்கு, மருந்துத் தட்டுகள், கொடியில் காயும் போட்டோக்கள். எதன் போட்டோக்கள்? அந்தக் கூடாரத்தையே கட்டிக்கொண்டிருந்தபோது எடுத்தவை. வெளிச்சமே விற்பனைப் பொருளான இடத்தில், வெள்ளைச் சுவருக்கு அந்தப் பக்கம், சுவர் எப்படி எழுந்தது என்ற கதை. ஃப்ரீஸ் 2012ல் நியூயார்க்கின் ராண்டல்ஸ் தீவில் கூடாரம் போட்டபோது, யூனியன் தொழிலாளர்களை எடுக்கவில்லை என்று காற்றடைத்த ராட்சத எலிப் பொம்மையை நிறுத்திப் போராட்டம் நடந்தது. 2014ல்தான் உடன்பாடு வந்தது. அதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்த இருட்டறைதான்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஆர்ப்பாட்டமாக வந்தது 2011ல் கிறிஸ்டியன் யாங்கோவ்ஸ்கி. இத்தாலியக் கப்பல் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து ஒரு சொகுசுப் படகைக் கூடாரத்துக்குள் வைத்தார். படகாக வாங்கினால் 5 லட்சம் யூரோ. அதே படகு, அதே திருகாணி, ஆனால் யாங்கோவ்ஸ்கியின் படைப்பு என்ற சான்றிதழோடு வாங்கினால் 6 லட்சத்து 25 ஆயிரம். இன்னும் பெரிய கப்பல் வேண்டுமா, 65 மில்லியன் யூரோ. கலையாக என்றால் 75 மில்லியன். கம்பெனியின் நிஜமான விற்பனையாளரே நின்று பேசினார். சிரிப்பாகத்தான் இருக்கிறது. கணக்கு ஒன்றைக் கவனியுங்கள்: சின்னப் படகுக்குக் கலையின் கூலி 25 சதவீதம், பெரிய கப்பலுக்குச் சுமார் 15 சதவீதம்தான். மொத்த வியாபாரத்தில் கலைக்கும் தள்ளுபடி. என்றாலும் இது க்யூ அளவுக்கு என்னோடு தங்கவில்லை. ஜோக் புரிந்ததும் முடிந்துவிடுகிறது. போதாததற்கு அதைக் கேட்டு முதலில் சிரிப்பவர், நிஜமாகவே அந்தக் கப்பலை வாங்கக்கூடியவர். சாப்மன் சகோதரர்கள் 2007ல் வந்தவர்களின் பவுண்டு நோட்டுகளில் இலவசமாகப் படம் வரைந்து கொடுத்ததும் இந்த வகைதான். நோட்டைக் கொடுத்தால் நோட்டைவிட மதிப்புள்ள நோட்டு திரும்ப வரும். அதுக்கும் க்யூதான்!

2010ல் சைமன் ஃபுஜிவாரா செய்ததையும் சேர்த்துக்கொள்கிறேன். கூடாரத்தின் தரைக்கடியில் ஒரு ரோமானிய நகரம் கண்டுபிடிக்கப்பட்டதாகக் கதை கட்டி, தரையில் குழிகள் தோண்டி, கண்ணாடி போட்டு, எலும்பும் பாத்திரமும் காசுமாக ஒரு பொய் அகழாய்வு. கலையும் வணிகமும் செழித்து அழிந்த நகரமாம். நடக்கிறவர்கள் காலுக்குக் கீழே பார்க்க வேண்டியிருந்தது. கலை வாங்க வந்த கூட்டம் குனிந்து பார்த்தது அதிசயம்தான், இல்லையா?

இவற்றில் பல வந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவாலானது. அன்றைக்கும் மறுநாளும் லண்டன் சதபீஸில் டேமியன் ஹர்ஸ்ட் தன் படைப்புகளை நேரடியாக ஏலம் விட்டு 11 கோடிக்கும் அதிகமான பவுண்டு சம்பாதித்தார். ஒரு மாதம் கழித்துக் கூடாரத்தில் பயம். அந்தப் பயம் இருந்த வருஷங்களில் நிர்வாகம் தன்னைக் கிண்டல் செய்ய இடம் கொடுத்தது. பயம் போனதும் இடம் குறைந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது. வரிசையைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. 2014ல் 'லைவ்' என்று நிகழ்த்துகலைக்குத் தனிப் பிரிவு வந்தது. ஆனால் அதில் கேலரிகள்தான் கொண்டுவர வேண்டும். ப்ராஜெக்ட்ஸ் படிப்படியாகச் சுருங்கி, இப்போது வருஷத்துக்கு ஒரு கலைஞருக்கு ஒரு விருது, ஒரு புதுப் படைப்பு என்ற அளவில் நிற்கிறது.

அந்த இடத்தில் வந்தது 'மீட்டெடுப்பு'. 2017ல் அலிசன் ஜிஞ்சரஸ் தொகுத்த 'செக்ஸ் வொர்க்' பகுதி நல்ல உதாரணம். 1960, 70களில் பாலுறுப்பையும் பாலுறவையும் வெளிப்படையாக வரைந்ததற்காக ஒதுக்கப்பட்ட பெண் கலைஞர்கள். ஜூடித் பெர்ன்ஸ்டைனின் பெரிய கரித்தூரிகைப் படம் ஒன்று 1974ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பெண்கள் கண்காட்சியிலிருந்தே நீக்கப்பட்டது. பெட்டி டாம்ப்கின்ஸின் பெயின்டிங்குகளை 1973ல் பிரெஞ்சு சுங்கத்துறை பிடித்து வைத்துக்கொண்டது. நாற்பது வருஷம் கழித்து ரீஜன்ட்ஸ் பார்க்கில் மரியாதையோடு சுவரில். சந்தோஷம்தான், படைப்புகளும் வலுவானவை, அவர்களுக்கு வயதான காலத்திலாவது காசு வந்தது. ஆனாலும் ஒரு நெருடல். அவர்களை ஒதுக்கியதில் சுங்கத்துறைக்கு மட்டுமா பங்கு? கேலரிகளுக்கும் பங்கு உண்டு, வாங்காத கலெக்டர்களுக்கும் உண்டு. அந்தத் தரப்பே இப்போது மீட்பராகவும் வருகிறது. மீட்டதற்குக் கமிஷன் பாதி.

சரி, கூடாரத்தை விட்டு வெளியே வருவோம். பூங்காவின் இங்கிலீஷ் கார்டன்ஸ் பகுதியில் 'ஃப்ரீஸ் ஸ்கல்ப்ச்சர்' என்று சிற்பங்களை வைக்கிறார்கள். டிக்கெட் கிடையாது. 2017லிருந்து ஃபேருக்குப் பல வாரம் முன்பே வைத்துவிடுகிறார்கள். 2020ல் கோவிட்டால் ஃபேரையே ரத்து செய்தபோதும் இது மட்டும் நடந்தது. நாயோடு நடப்பவர்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள், மதியச் சாப்பாட்டு டப்பாவோடு வரும் ஆபீஸ்காரர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். பொதுமக்களுக்கான கொடை என்று ஒவ்வொரு வருஷமும் எழுதுகிறார்கள். கொடையில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பெரும்பாலான சிற்பங்களை நிறுத்துவது கேலரிகள்தான். பெயர்ப்பலகையில் கேலரியின் பெயரும் இருக்கும். பொதுவாக எல்லாமே விற்பனைக்கு. புல்வெளியில் ஷோரூம். அதனால் வரும் சிற்பங்களில் ஒரு பொதுத்தன்மை: மழை தாங்கும், தூரத்திலிருந்து அடையாளம் தெரியும், பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கலாம், பண்ணை வீட்டுத் தோட்டத்திலும் பொருந்தும்.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்கிறேன். 2017ல் அங்கே ரஷீத் அராயீனின் ஒரு படைப்பு நின்றது. சாரம் கட்டிய மாதிரிச் சதுரச் சட்டகங்கள், குறுக்குக் கம்பிகள், பளீரென்ற வண்ணங்கள். அராயீன் கராச்சிக்காரர், சிவில் இன்ஜினியர், 1964ல் லண்டன் வந்தவர். இந்தச் சட்டக அமைப்பை 1960களின் கடைசியிலேயே யாரிடமும் கற்காமல் கண்டடைந்தார். அதே காலத்தில் நியூயார்க்கில் இது மாதிரி செய்தவர்கள் 'மினிமலிஸ்ட்' என்ற பெயரோடு கலை வரலாற்றில் ஏறினார்கள், இவர் ஏறவில்லை. ஏன் என்று கேட்டு 1987ல் ஒரு பத்திரிகை தொடங்கினார்: 'தேர்ட் டெக்ஸ்ட்'. மேற்கின் கலை வரலாறு யாரை எப்படி வெளியே நிறுத்துகிறது என்பதே அதன் கேள்வி. 1989ல் ஹேவர்ட் கேலரியில் 'தி அதர் ஸ்டோரி' என்ற கண்காட்சியைத் தொகுத்தார். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் வேலை செய்த ஆப்பிரிக்க, கரீபிய, ஆசியக் கலைஞர்கள், எஃப். என். சூசா, ஃப்ராங்க் போலிங் எல்லாம் அதில் உண்டு.

ஆக, லண்டனில் நான்கு வருஷ இடைவெளியில் இரண்டு கலைப் பத்திரிகைகள். ஒன்று புதிதாக வருவதைப் பார்த்து எழுதியது, வளர்ந்து கூடாரம் போட்டது. இன்னொன்று பார்க்கப்படாததைப் பற்றி எழுதியது, சந்தை எதையும் போடவில்லை, ஆய்விதழாகவே இருந்தது. முதல் பத்திரிகை மோசம் என்று நான் சொல்லவில்லை. ஃப்ரீஸ் இதழில் இன்றும் கூர்மையான மதிப்புரைகள் வருகின்றன. ஆனால் மதிப்புரைக்கு உள்ளாகும் கலைஞரின் கேலரிதான் விளம்பரமும் கொடுக்கிறது, கூடாரத்தில் வாடகையும் கட்டுகிறது என்றால், எழுதுகிறவர் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் வாசிக்கிறவர் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் வாசிப்பார். தேர்ட் டெக்ஸ்டை அப்படி வாசிக்க வேண்டியதில்லை. அதை ஆரம்பித்தவர், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, மற்றப் பத்திரிகைக்காரர்களின் புல்வெளியில் தன் சட்டகத்தை நிறுத்தினார். அவருக்கு அது வெற்றியா சமரசமா என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. அந்த அமைப்பு மட்டும் அந்தச் சிற்பக் கூட்டத்தில் தனியாகத் தெரிந்தது. மரங்களை மறைக்காமல், உள்ளே பார்வை போக விட்டு நின்றது.

இப்போதைய நிலவரம். 2016ல் ஹாலிவுட் ஏஜென்சியான எண்டெவர் ஃப்ரீஸின் பெரும்பங்கை வாங்கியது. 2025ல் எண்டெவரை நடத்திய ஆரி இமானுவெலே சுமார் 20 கோடி டாலருக்கு மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகச் செய்தி வந்தது. பத்திரிகையும் அந்தப் பொட்டலத்துக்குள்தான். மறுபக்கம் பாரிஸ்: 2022லிருந்து ஆர்ட் பாசல் அங்கே கடை விரித்துவிட்டது, 2024லிருந்து கிராண்ட் பாலேயின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே, ஃப்ரீஸ் முடிந்த அடுத்த வாரமே. பிரான்சில் 2025 முதல் கலைப்பொருள் விற்பனைக்கு 5.5 சதவீத வாட் போதும். பிரிட்டனின் பொது வாட் 20. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு எல்லையில் காகித வேலை வேறு. 'லண்டன் முடிந்தது' என்று ஒவ்வொரு அக்டோபரும் யாராவது எழுதுகிறார்கள்.

இந்த நெருக்கடியில்தான் 2024ல் கூடாரத்தின் வரைபடத்தை மாற்றினார்கள். அதுவரை நுழைந்ததும் பெரிய கேலரிகள், சின்னவை பின்மூலையில். புது வரைபடத்தில் இளம் கேலரிகள் முன்னால் வந்தன, பெரியவர்கள் உள்ளே தள்ளிப் போனார்கள். பெரியவர்களைத் தேடிக் கலெக்டர்கள் எப்படியும் போவார்கள், போகிற வழியில் சின்னவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும் என்ற எளிய கணக்கு. சூப்பர் மார்க்கெட்டில் பாலைக் கடைசியில் வைக்கிற அதே கணக்கு. எனக்கு இது பிடித்திருக்கிறது. யாரும் பெருமை பேசிக்கொள்ளத் தேவையில்லாத, நேர்மையான சந்தைப் புத்தி. இதோடு ப்ராஜெக்ட்ஸ் திட்டத்துக்கும் பழைய பணத்தையும் பழைய சுதந்திரத்தையும் கொடுத்தால் போதும். இருபது வருஷத்தில் கூடாரத்தைப் பற்றிக் கூடாரத்துக்குள்ளேயே சொல்லப்பட்டதில் பாதி அங்கிருந்து வந்தது. பத்துப் பேரை க்யூவில் நிற்க வைக்க எவ்வளவு செலவாகிவிடப் போகிறது?